இண்டெஞ்சர்: சொல் விளக்கம்

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் சர்ச் ஸ்ட்ரீட் கப்புச்சின் மடம், லிஃபி ஆற்றங்கரையின் மெர்ச்சன்ட்ஸ் கீ பிரான்சிஸ்கன் மடம் போன்ற நகர்ப்புறக் கத்தோலிக்கத் துறவியர் மடங்களின் பழைய சொத்துப் பத்திரக் கட்டைப் பிரித்தால், எழுதுவதற்கெனப் பதப்படுத்திய விலங்குத் தோல்களில் தோலுக்குத் தோல் தலைப்பில் பெரிய எழுத்தில் நிற்கும் சொல் இண்டெஞ்சர். இதைப் பலரும் 'குத்தகைப் பத்திரம்' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். அது தவறு. இண்டெஞ்சர் என்பது பத்திரத்தின் வடிவத்துக்கு வந்த பெயர். விற்பனை, குத்தகை, அடமானம், திருமணச் சொத்து ஏற்பாடு, பொறுப்பாளர் நியமனம் என எதுவும் அந்த வடிவில் எழுதப்படலாம்.

சொல்லின் வேர் லத்தீன் 'டென்ஸ்', அதாவது பல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்ட மொழிக்கு வந்தது. இடைக்காலத்தில் ஒரே தோலில் ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவே விட்ட இடத்தில் 'கைரோகிராஃபம்' (கையெழுத்து என்று பொருள்படும் கிரேக்க வழிச் சொல்) போன்ற ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி, அந்தச் சொல்லின் ஊடாகவே பல்பல்லாக, வளைத்து வெட்டினார்கள். ஆளுக்கொரு பாதி. வழக்கு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்ப்பார்கள். பல்லும் பொருந்தவேண்டும், பிளந்த எழுத்தும் கூடவேண்டும். ஒருவரே எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு இணைப்படி தேவையில்லை. அதன் விளிம்பு நேராக வெட்டப்பட்டது. அதன் பெயர் டீட் போல்.

நம் மரபில் சரிபார்த்த விதம் வேறு. பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்துப்போட்டது படியோலை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையை அவருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அங்கே சான்று கையெழுத்து. ஐரோப்பாவில் வெட்டு விளிம்பு.

காலப்போக்கில் பல்வெட்டு வெறும் சடங்காகி, தோலின் மேல் விளிம்பில் மெல்லிய அலை மட்டும் மிஞ்சியது. 1845ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நிலச்சொத்துச் சட்டம், இண்டெஞ்சர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பத்திரம் வெட்டப்படாமல் இருந்தாலும் இண்டெஞ்சராகவே செல்லும் என்றது. ஆகவே விளிம்பு நேராக இருக்கிறதே என்று பிந்தைய பத்திரத்தைப் போலி என ஒதுக்கக்கூடாது.

தலைப்பு எதையும் சொல்லாது என்பதால் உள்ளே போகவேண்டும். முதலில் தேதியும் தரப்பினரும். அடுத்து, இன்னாருக்கு இன்னது கொடுத்தேன் என்னும் வினைச்சொற்கள். பிறகு சொத்து விவரம்: தெருமுகப்பு இத்தனை அடி, பின்னோக்கி இத்தனை அடி, நான்கெல்லை. தெரு எண்கள் பின்னாளில் மாறியிருக்கும். எல்லைகளைக் கொண்டுதான் மனையை அடையாளம் காணமுடியும். 'வைத்து அனுபவிக்க' என்று தொடங்கும் பகுதி எத்தனை காலத்துக்கு என்பதைச் சொல்லும். 'செலுத்தி' என்று தொடங்குவது வாடகை. 1826 வரை அயர்லாந்துக்குத் தனிக் கணக்கு: 13 ஐரிஷ் பவுண்டு 12 ஆங்கிலப் பவுண்டுக்குச் சமம். தேதியிலும் கவனம் வேண்டும். 1752க்கு முன்பு ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1721.

அதிகம் ஏமாற்றுவது 'லீஸ் அண்ட் ரிலீஸ்' என்னும் இரட்டைப் பத்திரம். முதல் நாள் தேதியில், பெயருக்கு ஐந்து ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஓராண்டுக் குத்தகை. மறுநாள் தேதியில், அந்தக் குத்தகைதாரருக்கே மிச்ச உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இரண்டும் சேர்ந்தால் முழு விற்பனை. இரண்டாவது தோல் தொலைந்து முதலாவது மட்டும் கட்டில் இருந்தால், மடம் அந்த வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்தது என்று எழுதிவிடுவார்கள். தொகை ஐந்து ஷில்லிங், காலம் ஓராண்டு என்று கண்டால் மறுநாள் தேதியிட்ட தோலைத் தேடுங்கள். 1845ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தச் சுற்றுவழிக்குத் தேவையில்லாமல் போயிற்று.

அடுத்த குழப்பம், மடத்தின் பத்திரத்தில் மடத்தின் பெயரே இராதது. அயர்லாந்து அப்போது புராட்டஸ்டன்ட் ஆட்சியில் இருந்தது. 1697ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கத் துறவற சபையினர் 1698 மே 1க்குள் அயர்லாந்தை விட்டு வெளியேறவேண்டும் என்றது. 1704ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதையும், 31 ஆண்டுக்கு மேல் குத்தகை எடுப்பதையும் தடுத்தது. மீறியதை 1709 முதல் புராட்டஸ்டன்ட் ஒருவர் வெளிப்படுத்தி வழக்கிட்டு, அந்தச் சொத்தைத் தமதாக்கிக்கொள்ள முடிந்தது. 1778இல் 999 ஆண்டுவரை குத்தகையும், 1782இல் நிலம் வாங்கும் உரிமையும் கிடைத்தன. ஆனால் கத்தோலிக்க விடுதலைச் சட்டம் எனப் போற்றப்படும் 1829ஆம் ஆண்டுச் சட்டமே ஆண் துறவற சபைகளைப் படிப்படியாக ஒழிக்கும் விதிகளையும் வைத்திருந்தது. அதனால் சபைக்கென்று எழுதிய உயில்கொடை செல்லாமல் போனது. எனவே சொத்தைத் தனிமனிதர் இரண்டு மூன்று பேர் கூட்டாக வைத்துக்கொண்டார்கள். ஒருவர் இறந்தால் உரிமை மற்றவர்களுக்குப் போகும். புதியவர்களைச் சேர்க்காமல் விட்டு, கடைசி ஆளும் இறந்தால் சட்டப்படி அவருடைய வாரிசுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. பெயர்கள் மட்டும் மாறி, மனை மாறாத பத்திரங்கள் வரிசையாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

குத்தகை இண்டெஞ்சரில் மூலத்தில் நில உரிமையாளர் கையொப்பமிடுவார், அது குத்தகைதாரரிடம் இருக்கும். குத்தகைதாரர் கையொப்பமிட்ட எதிர்ப்படி உரிமையாளரிடம் இருக்கும். மடத்துக் கட்டில் எதிர்ப்படி கிடைத்தால், பெரும்பாலும் அங்கே மடத்தார் குத்தகைக்கு விட்டவர்கள் என்று கொள்ளலாம். இந்த இரட்டைக்கு நம்மிடம் பழகிய சொற்கள் உண்டு: சென்னை மாகாணத்தில் நிலக்கிழார் கொடுத்தது பட்டா, குடியானவர் எழுதிக்கொடுத்தது முச்சலிக்கை. எதிர்ப்படிக்கு முச்சலிக்கை நல்ல ஒப்பு.

லீஸ் என்ற சொல்லையும் அப்படியே விடக்கூடாது. தமிழ்நாட்டு நகரங்களில் லீஸுக்கு வீடு என்றால் மொத்தத் தொகை கொடுத்து வாடகையின்றி இருப்பது. அது போக்கியத்தோடு சேர்ந்தது. டப்ளின் லீஸில் ஆண்டு வாடகை உண்டு. அங்கே குத்தகை என்பதே பொருத்தம்.

இனி இண்டெஞ்சருக்கு வருவோம். 'ஒப்பந்தப் பத்திரம்' என்பது பரவலான மொழிபெயர்ப்பு. மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் தமிழர்களைக் கொண்டுபோன இண்டெஞ்சர் முறைக்கு 'ஒப்பந்தக் கூலி' என்பது நிலைத்துவிட்டது. அங்கே அதுவே இருக்கட்டும். சொத்துப் பத்திரத்துக்கு அது போதாது, ஒப்பந்தம் என்பது இனிமேல் செய்யப்போவதையும் குறிக்கும். இங்கே உரிமை அப்போதே கைமாறுகிறது. உண்மையில் வெட்டப்பட்ட தோலுக்குப் 'பல்வெட்டு ஆவணம்', வெட்டில்லாத பிற்காலத்ததற்கு 'இருதரப்பு ஆவணம்' என்பதே என் பரிந்துரை. மூன்று தரப்பு இருந்தால் முத்தரப்பு ஆவணம். டீட் போலுக்கு 'ஒருதரப்பு ஆவணம்'. மடத்துப் பத்திரங்களைப் பட்டியலிடும்போது வடிவத்தோடு காரியத்தையும் சேர்த்து எழுதவேண்டும்: 'இருதரப்பு ஆவணம், 31 ஆண்டுக் குத்தகை' என்பதுபோல.

மூலத் தோல் தொலைந்திருந்தால் 1708 முதல் இயங்கும் டப்ளின் பத்திரப் பதிவகத்தில் அதன் சுருக்கப் படி கிடைக்கலாம். சோழர் கல்வெட்டுச் சொல்லான 'ஆவணக்களரி' அந்த அலுவலகத்துக்கு அழகாகப் பொருந்தும். 1922இல் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது, வேறு கட்டடத்தில் இருந்த இது தப்பியது. பதிவு கட்டாயமாக இல்லை. பதிந்தால் முன்னுரிமை உண்டு, அவ்வளவே. அதனால் எல்லாப் பத்திரமும் அங்கே இராது. பதிவகத்தின் பெயர்வாரி அட்டவணை எழுதிக்கொடுத்தவர் பெயரில் மட்டுமே இருக்கிறது. வாங்கியவர் பெயரில் தேடமுடியாது. மடத்தின் பெயரையோ துறவியின் பெயரையோ கொண்டு தேடாமல், அவர்களுக்கு எழுதிக்கொடுத்த நில உரிமையாளரின் பெயரிலோ நில அட்டவணையில் தெருவின் பெயரிலோ தேடவேண்டும்.