ஒரே முற்றம், பல வயது: கோழித் தீவனமும் கால்சியக் கணக்கும்

வீட்டுப் புறக்கடையில் வளரும் கோழிகள் எல்லாம் ஒரே வயதில் அமைவது அரிது. அடையிலிருந்து இறங்கிய தாயும் அதன் குஞ்சுகளும், முட்டைக்கு வராத விடைகளும், முட்டையிடும் பெட்டைகளும், சேவலும் ஒரே தட்டைச் சுற்றி நிற்கும். கடையிலோ குஞ்சுக்கும் வளர்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் தனித்தனி மூட்டை. இவற்றுக்கிடையே புரத வேறுபாடு பெரிதன்று. குஞ்சுத் தீவனத்தில் ஏறத்தாழ 20 சதவீதமும் முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதமும் இருக்கும். பெரிய இடைவெளி கால்சியத்தில்தான் இருக்கிறது: முன்னதில் சுமார் 1 சதவீதம், பின்னதில் 3.5 முதல் 4 சதவீதம்.

இந்த இடைவெளிக்குக் காரணம் முட்டை ஓடு. ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம், கார்பனேட் வடிவில் படிந்திருக்கிறது. கருமுட்டை சூலகத்திலிருந்து விடுபட்ட ஐந்து மணி நேரத்தில் ஓட்டுச் சுரப்பியை அடைந்து, அங்கே ஏறக்குறைய இருபது மணி நேரம் தங்குகிறது. ஓட்டின் பெரும்பகுதி உருவாவது இரவில், அதாவது கோழி இரை எடுக்காமல் அடைந்திருக்கும் நேரத்தில். அப்போது இரத்தத்துக்குக் கால்சியம் இரு வழிகளில் வருகிறது. ஒன்று, மாலையில் விழுங்கிய கிளிஞ்சல் துண்டுகள் அரைவைப்பையில் தங்கி மெல்லக் கரைவது. தூளாக அரைத்த சுண்ணாம்புக்கல் விரைவில் குடலுக்கு நகர்ந்துவிடுவதால் இரவுத் தேவைக்குத் துண்டே சிறந்தது. மற்றொன்று, முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நீண்ட எலும்புகளின் உட்குழியில் சேரும் சிறப்பு எலும்புத்திசு. அது இரவில் கரைந்து, பகலில் மீண்டும் நிரம்புகிறது. குஞ்சுத் தீவனத்தை 100 கிராம் தின்னும் கோழிக்கு 1 கிராம் கால்சியமே கிடைக்கும், அதிலும் ஒரு பகுதிதான் உடலில் சேரும். பற்றாக்குறை நீடித்தால் ஓடு கெட்டியாகாத தோல்முட்டை வரும். பிறகு கால் வலுவிழந்து கோழி உட்கார்ந்துவிடும். ஆனால் கோடையில் ஓடு மெலிந்தால் உடனே தீவனத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் வாய் திறந்து இரைக்கும் கோழி கார்பன் டை ஆக்சைடை அதிகம் இழப்பதால், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டே குறைந்துபோகிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே போட்டுவிடலாமா? கூடாது. ஓடு கட்டாத குஞ்சு, மிகுதியான கால்சியத்தைச் சிறுநீரகம் வழியாகவே வெளியேற்ற வேண்டியிருக்கிறது. கோழியின் கழிவு பசை போன்ற யூரிக் அமிலம் என்பதால், அதனுடன் கால்சியமும் சேரும்போது சிறுநீர்க்குழாய்களில் படிகங்கள் அடைத்து, சிறுநீரகம் சுருங்கத் தொடங்குகிறது. இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மீதும் ஈரலின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு தெரியும். குஞ்சுப் பருவத்தில் விளைந்த சேதம், முட்டையிடும் வயதில் காரணம் புரியாத திடீர் மரணமாக வெளிப்படுவதும் உண்டு.

ஆகவே, கலப்பு வயதுக் கூட்டத்துக்குக் குஞ்சுக்குப் பாதுகாப்பான தீவனத்தையே பொதுவாக வைத்து, கிளிஞ்சல் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் தருவதே சரியான வழி என்பது என் கருத்து. முட்டையிடும் கோழிக்குக் கால்சியத்தின் மீது தனிப்பசி உண்டு. மாலை நெருங்க நெருங்க அது தானாகவே கிளிஞ்சலைத் தேடிக் கொத்தும், சேவல் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. கண்டதையெல்லாம் கொத்திப் பார்க்கும் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் கிண்ணத்தைக் கட்டிவிட வேண்டும். ஆண்டுக்கு 300 முட்டையிடும் பண்ணைக் கோழிக்கு வகுத்த அளவு, 60 முதல் 80 முட்டையிட்டு இடையிடையே அடைக்கு உட்காரும் நாட்டுக்கோழிக்கு அப்படியே பொருந்தாது என்பதாலும், தேவையைக் கோழியின் பசிக்கே விட்டுவிடுவது நல்லது. பொதுத் தீவனமாகக் குஞ்சுத் தீவனத்தை வாங்கும்போது, அதில் இரத்தக்கழிச்சலுக்கான மருந்து கலந்திருக்கிறதா என்று மூட்டையில் பார்ப்பது அவசியம். கலந்திருந்தால், அதைத் தின்னும் கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய கோழிகள் குஞ்சுகளைத் தட்டிலிருந்து விரட்டுவது வேறொரு சிக்கல். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, விளிம்பின் அடியில் செங்கல் வைத்து, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு உயர்த்தி உள்ளே தீனி வைத்தால் போதும்.

தீவனத்தை வீட்டிலேயே கலப்பவர்கள் புரதத்தின் அளவோடு அதன் தரத்தையும் பார்க்க வேண்டும். குருணையும் கம்பும் வயிற்றை நிரப்பும், ஆனால் குஞ்சின் தசைக்கும் இறகுக்கும் வேண்டிய புரதம் அவற்றில் குறைவு. கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்தைத் தாண்டினாலும் புரதத்தின் கூறுகளான லைசின், மெத்தியோனின் என்ற இரு அமினோ அமிலங்கள் போதாது. அந்தக் குறையைக் கருவாட்டுத் தூளோ, சாணமும் பழஞ்சாக்கும் திணித்துக் கவிழ்த்த பானையில் சேரும் கரையானோ ஈடுசெய்யும். கருவாடு உப்பு மிகுந்ததாக இருக்கக் கூடாது, அளவும் குறைவாகவே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு உருவாகி ஈரலைக் கெடுக்கும். பூஞ்சையை வெயிலில் உலர்த்தித் தட்டிவிட்டாலும் நச்சு உள்ளேயே தங்கியிருக்கும் என்பதால், அத்தகைய புண்ணாக்கை எந்த வயதுக் கோழிக்கும் போடக் கூடாது.