காலை 8.30 மணியை ஜேசானில் எழுதுவது எப்படி?

2015 டிசம்பர் 2 அன்று காலை 8.30 மணிக்குத் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். சென்னையில் அந்த நாட்களைக் கடந்தவர்களுக்கு இந்த எண்ணை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த மழையின் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று பெய்தது என்பதும், இந்திய வானிலை ஆய்வுத் துறை முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தையே ஒரு மழை நாளாகக் கணக்கிடுகிறது என்பதும், 8.30 என்பது உலகப் பொது நேரப்படி சரியாக 3 மணி என்பதும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கும் செய்திகள். படிக்கும் மனிதர் இவற்றைப் பழக்கத்தால் நிரப்பிக்கொள்கிறார். ஒரு நிரல் அதே குறிப்பை இன்னொரு நிரலுக்கு அனுப்பும்போது அப்படி நிரப்பிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அனுப்பும் முனையில் சொல்லாமல் விட்டது பெறும் முனையில் ஊகமாக மாறிவிடுகிறது.

இன்று நிரல்களுக்கிடையே தரவு பெரும்பாலும் ஜேசான் என்ற உரை வடிவில்தான் பயணம் செய்கிறது. டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000-களின் தொடக்கத்தில் பரவலாக்கிய இந்த வடிவத்தின் வலிமை அதன் எளிமை: எண், சரம் (எழுத்துகளின் வரிசை), மெய் அல்லது பொய், வெற்று மதிப்பு, பட்டியல், பெயரும் மதிப்புமாக அமைந்த இணைகளின் தொகுப்பு ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் அது அறியாது. அதில் தேதி இல்லை, நேர வலயம் இல்லை, அலகு இல்லை, துல்லியமான பதின்ம எண்ணுக்கெனத் தனி வகையும் இல்லை. இந்தக் குறையை ஈடுசெய்வதற்காகவே, ஜேசானைக் கையாளும் பெரும்பாலான லைப்ரரிகள் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) நிரலாளர் நுழைந்து தம் விதியைச் சொல்வதற்கு ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கின்றன.

பைத்தான் மொழியுடன் வரும் ஜேசான் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். குறியாக்கும் பகுதி, அதாவது நிரலில் இருக்கும் பொருளை ஜேசான் உரையாக்கும் பகுதி, தன்னிடம் தரப்பட்டதை ஒரு மரத்தைப் போல உச்சியிலிருந்து இறங்கிப் பார்க்கிறது. எதிர்ப்படுவது சரமென்றால் மேற்கோள் குறிகளுக்குள் எழுதுகிறது. எண்ணென்றால் இலக்கங்களாக எழுதுகிறது. பட்டியலென்றால் சதுர அடைப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றிடமும் இதே கேள்வியைக் கேட்கிறது. தேதியைப் போன்ற தனக்குத் தெரியாத வகை வந்தால், அந்த இடத்தில் நின்று, டீஃபால்ட் என்ற பெயரில் நாம் கொடுத்திருக்கும் செயற்கூறை (ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல் பகுதியை) அழைக்கிறது. நாம் எதுவும் கொடுக்கவில்லையென்றால் பிழையை அறிவித்து நின்றுவிடுகிறது.

இங்கே புதியவர்கள் அடிக்கடி தவறிப்போகும் ஓர் இடம் உண்டு. அந்தச் செயற்கூறு ஜேசான் உரையைத் திருப்பித் தரக் கூடாது. லைப்ரரிக்குத் தெரிந்த வேறொரு பொருளை மாற்றாகத் தர வேண்டும். நாம் தந்த மாற்றுப் பொருளை லைப்ரரி மீண்டும் முதலிலிருந்து பார்த்து, தானே எழுதிக்கொள்ளும். நாமே உரையாக்கிக் கொடுத்தால் அது வெறும் சரமாகக் கருதப்பட்டு, மறுபடியும் மேற்கோளுக்குள் அடைக்கப்பட்டு, பெறுபவரிடம் பெட்டிக்குள் பெட்டியாகப் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லைப்ரரிக்குத் தெரியாதவை மட்டுமே இந்த வாசலுக்கு வரும். மாற்ற முடியாத தொகுப்பான டியூப்பிள் சத்தமில்லாமல் பட்டியலாகிவிடும். திரும்பி வரும்போது பட்டியலாகவே வரும். இணைகளின் பெயர்ப் பகுதியில் 1 என்ற எண்ணை வைத்தால் அது சரமாக மாறிவிடும், திரும்பவும் எண்ணாகாது. அந்தப் பெயர்ப் பகுதியில் தேதியை வைத்தாலோ, டீஃபால்ட் செயற்கூறு அழைக்கப்படாமலேயே பிழை எழும். பிழையாவது நம்மை எச்சரிக்கிறது. சத்தமில்லாத மாற்றமே அதிகத் தீங்கு செய்கிறது என்பது என் அனுபவம்.

எதிர்த்திசைப் பயணமான குறிவிலக்கம், அதாவது உரையை மீண்டும் பொருளாக்குவது, இதன் கண்ணாடிப் பிம்பம் என்று தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. குறியாக்கும்போது ‘நீ எந்த வகை?’ என்று பொருளையே கேட்க முடிகிறது. குறிவிலக்கும்போது கையில் இருப்பது எழுத்துகள் மட்டுமே. வகை என்ற செய்தி முன்பே உதிர்ந்துவிட்டது. பைத்தானின் ஆப்ஜெக்ட் ஹூக் என்ற வாசலும், உலாவிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ரிவைவர் என்ற வாசலும் உள்ளிருந்து வெளியே, அதாவது இலைகளை முடித்துவிட்டுக் கிளைகளுக்கு வரும் முறையில் நம் செயற்கூறை அழைக்கின்றன. அப்போது நமக்குத் தெரிவது ஒரு தொகுப்பின் உருவம் மட்டுமே. அது மழைக்குறிப்பா, ஏரியின் நீர்மட்டமா என்பதை வேறு எதையோ கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

முடிவு செய்ய இரண்டு நேர்மையான வழிகள் உள்ளன. எழுதும்போதே ‘வகை: மழைக்குறிப்பு’ என்று ஓர் அடையாளத்தைத் தொகுப்புக்குள் சேர்த்துவிடுவது ஒன்று, எந்தப் பெயருக்கு எந்த வகை என்று இரு முனைகளும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதன்படி படிப்பது மற்றொன்று. வெளியாருக்குத் தரும் தரவுக்கு நான் இரண்டாவதையே விரும்புகிறேன். நம் நிரலின் உள் வகைப்பெயர்கள் பிறருக்குத் தேவையற்றவை. மூன்றாவதாக ஒரு வழியும் புழக்கத்தில் இருக்கிறது: தேதியைப் போலத் தோற்றமளிக்கும் சரத்தையெல்லாம் தேதியாக்கிவிடுவது. அதை எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன். ‘2015-12-02’ என்று யாரோ ஒருவர் தம் கோப்புக்குத் தலைப்பிட்டிருந்தால், அந்தத் தலைப்பும் தேதியாகிவிடும்.

தேதியையே சற்று நின்று பார்க்கலாம். குறியாக்கும்போது நேர வலயத்தை விட்டுவிட்டு ‘8.30’ என்று மட்டும் எழுதினால், உலகப் பொது நேரத்தில் இயங்கும் ஒரு சர்வர் அதைத் தன் நேரமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். சென்னைக் கணக்கில் அது பிற்பகல் 2 மணி. ஐந்தரை மணி நேரம் தவறிவிட்டது. நான் பணிபுரிந்த ஒரு சிறு குழுவில் இந்தத் தவறு பல நாட்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஏனென்றால் வரைபடத்தின் வடிவம் மாறவில்லை, அதன் இடம் மட்டும் நகர்ந்திருந்தது. நேரமே இல்லாத வெறும் தேதியும் பாதுகாப்பானதன்று. ஜாவாஸ்கிரிப்ட், மணி குறிப்பிடாத ‘2015-12-02’ என்ற சரத்தை உலகப் பொது நேர நள்ளிரவாகக் கொள்கிறது. மணி இருந்து வலயம் இல்லாவிட்டால், பார்ப்பவர் இருக்கும் ஊரின் நேரமாகக் கொள்கிறது. ஆகவே வெறும் தேதியை மட்டும் அனுப்பினால், நியூயார்க்கிலிருந்து பக்கத்தைத் திறக்கும் உறவினர் அதை டிசம்பர் 1 என்று காண நேரிடும். குறியாக்கும் செயற்கூறு, வலயம் இல்லாத நேரத்தை மறுத்துப் பிழை எழுப்புவதே சரியான நடத்தை.

அலகிலும் இதே கண்டிப்பு தேவை. செய்தித்தாள் 49 சென்டிமீட்டர் என்கிறது; மழைமானியின் கணக்கு மில்லிமீட்டரில் இருக்கிறது; செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவோ 3,645 மில்லியன் கன அடி என்று சொல்லப்படுகிறது. வெறும் எண்ணாக அனுப்பாமல், அளவும் அலகும் சேர்ந்த ஒரு சிறு தொகுப்பாக அனுப்பினால் சில பைட்டுகள் கூடும். பத்து மடங்குத் தவறு தவிர்க்கப்படும்.

மழையே பெய்யாத நிலையத்தின் மதிப்பு 0. மழைமானி பழுதான நிலையத்துக்கு 0 என்று எழுதினால் அது பொய்யான தகவல். பல கணக்கீட்டு லைப்ரரிகள் இத்தகைய இடைவெளியை ‘எண் அல்ல’ என்ற சிறப்பு மிதவை மதிப்பால் குறிக்கின்றன (மிதவை என்பது பின்னப் பகுதியுள்ள எண்களுக்கான வகை). பைத்தான் லைப்ரரி அதை இயல்பாகவே அப்படியே எழுதிவிடும். ஆனால் ஜேசான் இலக்கணத்தில் அந்த மதிப்புக்கு இடமில்லை. பெறும் உலாவி முழுக் கோப்பையும் நிராகரித்துவிடும். ஒரு மழைமானியின் பழுதால் நகரின் அத்தனை நிலையங்களும் திரையிலிருந்து மறைவது இப்படித்தான். அந்த இயல்பை அணைத்துவிட்டு, குறியாக்கத்துக்கு முன்பே அதை வெற்று மதிப்பாக மாற்ற வேண்டும். மிதவை எண் லைப்ரரிக்குத் தெரிந்த வகை என்பதால் டீஃபால்ட் வாசல் இங்கே உதவாது.

எண்களைப் படிக்கும்போதும் காலம் தாழ்த்தக் கூடாது. 0.1 என்ற உரை, இரும முறையில் சேமிக்கப்படும் மிதவை எண்ணாகும்போது 0.1-க்கு மிக நெருங்கிய வேறொரு மதிப்பாகிவிடுகிறது, அதனால்தான் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 கிடைக்கிறது. மழைக்கு இது பொருட்டல்ல, பணத்துக்குப் பொருட்டு. ஆப்ஜெக்ட் ஹூக் அழைக்கப்படும்போது இலக்கங்கள் ஏற்கெனவே மிதவையாகிவிட்டதால், பைத்தானில் பார்ஸ் ஃப்ளோட் என்ற தனி வாசல் உண்டு. உரையாக இருக்கும் நிலையிலேயே அதைப் பிடித்து, துல்லியமான பதின்ம எண்ணுக்கான டெசிமல் வகையாக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் 9007199254740991-க்கு மேற்பட்ட முழு எண்கள் துல்லியம் இழக்கக்கூடும் என்பதால், நீண்ட அடையாள எண்களைச் சரமாக அனுப்புவதே நல்லது.

தமிழில் தரவு வைத்திருப்போர் அறிய வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. ‘சென்னை’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஆறு குறிகள்; அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட்டுகள். பைத்தான் லைப்ரரி, நாம் தடுக்காவிட்டால், ஒவ்வொரு குறியையும் சாய்கோடு, யூ என்ற ஆங்கில எழுத்து, நான்கு பதினாறடிமான இலக்கங்கள் என்று விரித்து 36 பைட்டுகளாக்கும். பொருள் மாறுவதில்லை, ஆனால் கோப்பைத் திறந்து பார்ப்பவரால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. என்ஷ்யூர் ஆஸ்கி என்ற அமைப்பை அணைத்தால் தமிழ் தமிழாகவே நிற்கும்.

அடையாளம் சேர்க்கும் வழியைத் தேர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தரவில் வரும் வகைப்பெயரை அப்படியே நம்பி அந்தப் பெயருள்ள நிரல் வகையில் ஒரு பொருளை உருவாக்கும் குறிவிலக்கி, அனுப்புபவர் விரும்பும் எதையும் நம் கணினியில் இயக்க இடம் கொடுக்கிறது. ஜாவா மொழியின் ஜாக்சன் லைப்ரரியில் 2017-இல் வெளியான பாதுகாப்புக் குறைபாடு இந்த வகையைச் சேர்ந்தது. அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை நாமே வைத்திருந்து, அதில் இல்லாததை மறுக்க வேண்டும்.

இரு செயற்கூறுகளையும் எழுதி முடித்ததும், குறியாக்கி, குறிவிலக்கி, கிடைத்ததை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழுதான மழைமானி, நள்ளிரவு, தமிழ்ப் பெயர் ஆகியவற்றோடு அந்தச் சோதனையில் நான் எப்போதும் சேர்ப்பது மதராஸ் நேரத்தில் எழுதப்பட்ட ஒரு பழைய குறிப்பு. இந்திய நேரம் 1906-இல் நடைமுறைக்கு வரும் முன், நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வான்காணகத்தின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முன்னால் இருந்தது. இணையத்தில் வழங்கும் நேர வடிவத்தின் வலயப் பகுதியில் மணிக்கும் நிமிடத்துக்கும்தான் இடமுண்டு. பைத்தான் 3.7 முதல் அந்த 10 வினாடியையும் எழுதுகிறது. அந்த வடிவத்தைக் கறாராகப் பின்பற்றும் மற்றொரு லைப்ரரி அதே சரத்தை ஏற்க மறுக்கிறது. அதனால் அத்தகைய குறிப்பில் காலை 8.30-ஐ உலகப் பொது நேரமான 3 மணி 8 நிமிடம் 50 வினாடியாக ஒரு பெயரிலும், அன்றைய ஏட்டில் இருந்தபடியே இன்னொரு பெயரிலும் எழுதி வைக்கிறேன்.