நாய்க்குட்டி விலை கேட்கும் முன்

தாராவியில் எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரர். மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினான், லாப்ரடார் குட்டி கேட்டான். ஒரு இடத்தில் 28,000 ரூபாய் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் வந்த இன்னொருவர் 9,000 சொன்னார். "ரெண்டும் ஒரே கலர்தானே அண்ணா" என்றார் என்னிடம். சயான் ஸ்டேஷன் வாசலில் பைக்கில் வந்து, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். பார்வோ, குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய். டிரிப்ஸ், ஊசி என்று 14,000 ரூபாய் செலவழித்தும் ஏழாம் நாள் குட்டி போய்விட்டது.

அதன் பிறகு அவரோடு நானும் அலைந்தேன். காவல் நிலையத்தில் "மாநகராட்சிக்குப் போங்கள்" என்றார்கள். வார்டு அலுவலகத்தில் "நாங்கள் லைசென்ஸ் மட்டும்தான் கொடுப்போம், கால்நடைத் துறையைப் பாருங்கள்" என்றார்கள். அங்கே போனால், "விலங்கு நல வாரியத்துக்கு எழுதிப் போடுங்கள்." எழுதிப் போட்டோம். பதில் இன்னும் வரவில்லை. இத்தனைக்கும் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ் 2017இல் நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகள் வந்தன. 2018இல் செல்லப்பிராணிக் கடைகளுக்குத் தனி விதிகள். வரலாறு இவ்வளவு போதும். வாங்குகிற உங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நாய் விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு) வைத்துத்தான் விற்க வேண்டும். என்ன தீனி, எப்போது பூச்சி மருந்து, எந்தத் தடுப்பூசி என்பதை எழுதித் தர வேண்டும். தெருவில், பொது இடத்தில் வைத்து விற்கக் கூடாது. தாய் நாய்க்கு 18 மாதம் ஆகும் முன் இணை சேர்க்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈற்று, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது.

சரி, விற்கிறவர்கள் இதிலிருந்து எப்படி நழுவுகிறார்கள்?

முதல் வசனம்: "நான் பிரீடர் இல்லை சார், நடுவில் கை மாற்றிவிடுகிறேன்." பிரீடர் என்றால் இனப்பெருக்கம் செய்து விற்பவர், ஆனால் விதியில் அந்தச் சொல்லுக்குள் தரகரும் வியாபாரியும் அடக்கம். வீட்டில் ஒரே ஒரு பெட்டை வைத்துக் குட்டி விற்கிறவர்கூட "இது தொழில் இல்லை, ஆசைக்கு" என்பார். ஆசைக்கு வளர்க்கிறவர் 25,000 கேட்க மாட்டார்.

இரண்டாவது வசனத்தில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்டால் "கேசிஐ பேப்பர் இருக்கு" என்று நீட்டுவார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா ஒரு தனியார் சங்கம். அதன் காகிதம் குட்டியின் பரம்பரையைச் சொல்லும். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறதா, விற்பவர் அரசிடம் பதிவு செய்தவரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேப்பர் உள்ள குட்டிக்கு ஒரு விலை, "விதவுட் பேப்பர்" என்றால் ஒரு விலை என்று பேரம் நடக்கிறதே, அது அந்தச் சங்கத்துக் காகிதத்துக்கு. வாரியத்தின் சான்றிதழ் வேறு. அதன் செல்லுபடி இரண்டே வருடம், தேதியைப் பாருங்கள். முகவரியும் நீங்கள் நிற்கிற இடமும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

அடுத்தது வயது. 35, 40 நாள் குட்டியை 60 நாள் என்பார்கள். சின்னக் குட்டிக்குக் கிராக்கி அதிகம், தீனிச் செலவு மிச்சம். பால்பற்களைப் பார்த்து டாக்டர் சொல்லிவிடுவார். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தியும் குறைவு, கடிக்கும் பழக்கமும் எளிதில் போகாது. தடுப்பூசி அட்டையில் டாக்டர் பெயர், பதிவு எண், மருந்துக் குப்பியிலிருந்து ஒட்டிய ஸ்டிக்கர் மூன்றும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதிய அட்டை தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். மைக்ரோசிப் எண் 15 இலக்கம். டாக்டரிடம் ஸ்கேனர் இருந்தால் ஒரு நிமிட வேலை.

"தாய் நாய் புனே ஃபார்மில் இருக்கு, வீடியோ அனுப்புறேன்" என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தாய் நாய் நிற்கிற இடத்தின் நாற்றம், எலும்பு தெரிகிறதா, உங்களைக் கண்டு ஒடுங்குகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தால், எந்தக் காகிதமும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

விலை அதிகம் என்றால் நல்லது என்றும் இல்லை. "ஹெவி போன்", "பஞ்ச் ஃபேஸ்", "சாம்பியன் லைன்", "டீகப்" எல்லாம் விலை ஏற்றும் மந்திரங்கள். டீகப் என்று ஒரு இனமே கிடையாது. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். 28,000 கேட்கிறவரிடம் தாய், தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். எடுத்து வைத்திருந்தால் அந்தக் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டு. முழித்தால், நீங்கள் கொடுப்பது அவருடைய ஏசி ஷோரூமுக்கு. தையல்காரர் கணக்கில் 9,000 ரூபாய்க் குட்டி 23,000 ஆனது, அதுவும் ஒரு வாரத்தில்.

இவ்வளவையும் வாங்கும் முன்பே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த விதியை மீறினால் சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் 100 ரூபாய். மும்பையில் ஐந்து வடாபாவ். மூன்று மாதம் வரை சிறை என்றும் ஏட்டில் இருக்கிறது. எந்த இன்ஸ்பெக்டர் இதற்காக வண்டியை எடுப்பார்?

போன பணத்தைத் திரும்பக் கேட்க உருப்படியான வழி நுகர்வோர் ஆணையம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். நாய்க்குட்டியைப் பொருள் என்று எழுத எனக்கும் கை கூசுகிறது. சட்டத்தின் கண்ணில் அது பொருள்தான், அதனால்தான் வழக்குப் போட முடிகிறது. பில்லில் 'விற்ற குட்டி திரும்பப் பெறப்படாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருந்தால் பயப்படாதீர்கள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். ஆனால் அவர்கள் சமரசம்தான் பேசுவார்கள், உத்தரவு போட மாட்டார்கள். அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வழக்கு நிற்பதும் விழுவதும் தேதிகளில். விற்றவர் சொல்லும் ஒரே பதில், "நோய் உங்கள் வீட்டில் வந்தது." பார்வோ தொற்றியபின் வெளியே தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும், ஆகவே வாங்கிய ஓரிரு நாளில் நோய் தெரிந்தால் அது பெரும்பாலும் விற்றவரிடமே தொற்றியதாக இருக்கும். அதனால் வாங்கிய அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டி, எடை, வயது, உடல்நிலை, தேதி எல்லாம் எழுதி வாங்குங்கள். குட்டி இறந்துவிட்டால், மனசு கேட்காதுதான், ஆனாலும் உடனே புதைத்துவிடாதீர்கள். பரேலில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. பிரேதப் பரிசோதனைக்கு வழி உண்டா என்று முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தையல்காரர் அன்று ராத்திரியே புதைத்துவிட்டார். கையில் இருப்பது சிகிச்சைச் சீட்டும், யாரோ ஒரு பெண் பெயரில் போன ஜிபே ரசீதும் மட்டுமே. அதை வைத்துத்தான் இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பணம் அனுப்பும்போது விற்பவரின் சொந்தப் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் 'லாப்ரடார் பெண் குட்டி, 60 நாள், முழு விலை' என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். "அதெல்லாம் எழுதாதீங்க" என்று அவர் சொன்னால், குட்டியைக் கீழே இறக்கி விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.