பப்ளிக் பிராசிக்யூட்டர்: யாருடைய வக்கீல்?

புதுச்சேரி கடலூர் சாலையில், நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே ஒரு பெரியவர் சம்மனை நாலாக மடித்துப் பிடித்தபடி கேட்டார்: "நம்ம வக்கீல் வந்துட்டாரா தம்பி?" அவர் மகனைச் சிலர் அடித்த வழக்கு. பக்கத்தில் நின்ற குமாஸ்தா, "அவரு உங்க வக்கீல் இல்லீங்க ஐயா, கவர்மென்ட் வக்கீல்" என்றார். பெரியவர் சொன்னதும் சரியில்லை, குமாஸ்தா சொன்னதும் முழுக்கச் சரியில்லை.

அந்த வக்கீல்தான் பப்ளிக் பிராசிக்யூட்டர், குற்ற வழக்கை அரசுத் தரப்பில் நடத்துபவர். கோர்ட்டில் எல்லாருக்கும் அவர் 'பி.பி.', மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 'ஏ.பி.பி.', அதாவது அசிஸ்டன்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர். பிராசிக்யூட்டர் என்ற சொல்லின் வேர் லத்தீன். முன்னோக்கிப் பின்தொடர்ந்து போவது என்று பொருள். விடாமல் துரத்தும் வாடை அதில் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆண்ட காலத்தில் இதே பொறுப்புக்கு வழங்கிய சொல் 'புரோக்குரேர்'. அதுவும் லத்தீன்தான், ஆனால் பொருள் வேறு: பிறர் பொருட்டுப் பொறுப்பேற்றுக் கவனிப்பவர். பிரெஞ்சு மரபில் நீதிபதிகள் உட்கார்ந்திருக்கும் நீதித்துறை, இவர்கள் நிற்கும் நீதித்துறை. எழுந்து நின்று பேசுவதால் அந்தப் பெயர். எழுத்தில் மேலிடத்துக்குக் கட்டுப்பட்டவர், வாய் திறந்து பேசும்போது சுதந்திரமானவர் என்று அங்கே ஒரு பழமொழியே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பழமொழி அது.

நம் சட்டமும் அவரைப் போலீஸின் கையாளாக வைக்கவில்லை. எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருக்கக் கூடாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய சலுகை ஒன்று இருந்து, அதை எதிர்த்தரப்பு வக்கீல் கவனிக்காமல் விட்டாலும், இவர்தான் எடுத்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது.

சொல்வது எளிது. வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் சங்கடம் வரும். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலில் 'தெரிந்த இரண்டு பேர் தாக்கியதாக' என்று இருக்கும்; குற்றப்பத்திரிகையில் ஐந்து பேர் ஏறியிருப்பார்கள். அந்த ஒற்றைத் தாளைக் கட்டுக்கு அடியில் தள்ளாமல் நீதிபதி முன் வைப்பதுதான் அவருடைய கடமை. கூடுதலாகச் சேர்ந்த மூன்று பேரில் ஒருவர் அன்று ஊரிலேயே இல்லாதவராக இருக்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அரசு வழக்கறிஞர்' என்று எழுதிப் பழகிவிட்டோம். சிவில் வழக்கில் அரசுக்காக வாதாடுபவரும் அதே பெயரில்தான் வருகிறார். 'குற்றத்துறை அரசு வழக்கறிஞர்' என்றால் அந்தக் குழப்பம் தீரும். ஆனாலும் 'பப்ளிக்' என்பதை 'அரசு' ஆக்கியதில் பொதுமக்கள் காணாமல் போய்விட்டார்கள். 'பொது வழக்குத் தொடுநர்' என்பதே என் தேர்வு. தொடுப்பது அம்பையும்தான், பூவையும்தான். சாட்சியங்களைப் பூப்போல ஒவ்வொன்றாக எடுத்து, அழுகியதை ஒதுக்கித் தொடுப்பவர் என்ற பொருளில் அந்தச் சொல் இவருக்குப் பொருந்துகிறது.

அப்புறம், அந்தப் பெரியவருக்கு ஒரு தகவல். தனக்கென ஒரு வக்கீல் வேண்டுமென்றால், நீதிமன்ற அனுமதியோடு பி.பி.க்கு உதவியாக ஒருவரை அவர் அமர்த்திக்கொள்ளலாம். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது.