லாபத்தில் சந்தையின் பங்கு எவ்வளவு, நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு?

எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் உள்தணிக்கைக்குப் போகும்போது, ஆண்டு லாபத்தைப் பெருமையாகக் காட்டுவார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி: இதில் சந்தை கொடுத்தது எவ்வளவு, நீங்கள் சம்பாதித்தது எவ்வளவு?

கணக்கு ஒன்றும் சிரமமில்லை. உதாரணத்துக்கு, ஒரு நிறுவனம் போன ஆண்டு பீப்பாய் 60 டாலர் வீதம் 10 லட்சம் பீப்பாய் விற்றது. பீப்பாய்க்கு 25 டாலர் செலவு. லாபம் 3.5 கோடி டாலர். இந்த ஆண்டு விலை 80 டாலர். உற்பத்தி 9 லட்சமாக இறங்கிவிட்டது, செலவு 30 டாலராக ஏறிவிட்டது. அப்படியும் லாபம் 4.5 கோடி. ஒரு கோடி கூடுதல் என்று ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் வந்துவிடும். பிரித்துப் பாருங்கள்: விலை ஏறியதால் வந்தது 1.8 கோடி. செலவு கூடியதில் 45 லட்சமும், உற்பத்தி குறைந்ததில் 35 லட்சமும் போய்விட்டன. நிர்வாகத்தின் கையில் இருந்த இரண்டு விஷயத்திலும் சறுக்கல்தான். ஆனாலும் போனஸ் மொத்த லாபத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது.

விலை விழும்போது 'சந்தை சரியில்லை' என்பார்கள். ஏறும்போது அதே சந்தையைப் பற்றிப் பேச்சே இருக்காது. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2020இல் சுமார் 2,240 கோடி டாலர் நஷ்டம் காட்டியது, 2022இல் சுமார் 5,570 கோடி டாலர் லாபம் காட்டியது. இரண்டு ஆண்டிலும் அதே தலைமைதான். அந்த நஷ்டத்துக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. 2010இல் எக்ஸ்டிஓ என்ற எரிவாயு நிறுவனத்தை, அதன் கடனையும் சேர்த்துச் சுமார் 4,100 கோடி டாலர் மதிப்பில் எக்ஸான் வாங்கியது. அதன்பின் அமெரிக்காவில் எரிவாயு விலை படுத்துவிட்டது. பத்து ஆண்டு கழித்து, 2020இன் கடைசிக் காலாண்டில்தான், பெரும்பாலும் எரிவாயுச் சொத்துகளுக்காக 1,900 கோடி டாலருக்கும் மேல் மதிப்பைக் கழித்து எழுதினார்கள். வாங்கும் முடிவை எடுத்த தலைமை நிர்வாகி அதற்குள் பதவியிலிருந்து போயிருந்தார். இந்தத் தொழிலில் ஒரு முடிவின் பலன் தெரிய இவ்வளவு காலம் ஆகும். ஓராண்டு லாபத்தை வைத்துப் போனஸ் கொடுப்பது எவ்வளவு தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்து, என்னை அதிகம் கவலைப்படுத்தும் விஷயம். லாபத்தைக் கூட்டிக் காட்டச் சுலபமான வழி, பராமரிப்பைத் தள்ளிப்போடுவது. ஒரு சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுப் பதிவேட்டில், ஒரே பாதுகாப்பு வால்வின் சோதனை திரும்பத் திரும்பத் தள்ளிவைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் 'அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாம்' என்றே எழுதியிருந்தது. கையெழுத்து எல்லாம் ஷிப்ட் அளவிலான பொறியாளர்களுடையது. பட்ஜெட்டை வெட்டியவரின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. அதே ஆண்டின் நிதி அறிக்கையிலோ, பராமரிப்புச் செலவு பட்ஜெட்டுக்குள் அடங்கியதற்குப் பாராட்டு. கட்டாத வட்டியைச் சேமிப்பு என்று சொல்வது போலத்தான் இது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி நகரம் இருக்கிறது. 2005 மார்ச் 23 அன்று, அங்கிருந்த பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு யூனிட்டை மீண்டும் ஓட்டத் தொடங்கினார்கள். கோபுரத்தில் திரவம் அளவுக்கு மேல் நிரம்பியது. மட்டம் காட்டும் கருவி தவறாகக் காட்டியது, உயர்மட்ட அலாரமும் அடிக்கவில்லை. பொங்கி வந்த திரவம், மிகுதியைப் பாதுகாப்பாக எரித்துவிடும் ஃபிளேருக்குப் போகாமல், திறந்தவெளியில் விடும் பழைய அமைப்பு வழியாக வெளியேறித் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அந்தப் பழைய அமைப்பை மாற்ற முன்பே பலமுறை வாய்ப்பு வந்தும் மாற்றவில்லை. 1999இல் நிலையான செலவில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னதையும், 2005க்காக இன்னொரு 25 சதவீதம் கேட்டதையும் அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணை அறிக்கையில் சுட்டிக்காட்டியது. இழப்பீட்டுக்கு மட்டும் பிபி சுமார் 160 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

இயக்குநர் குழுவுக்கு இதெல்லாம் ஏன் தெரிவதில்லை? அவர்கள் மேசைக்குப் போகும் எண் வேறு. வழுக்கி விழுதல், கை வெட்டுதல் போன்ற தனிநபர் காயங்களின் விகிதத்தைத்தான் பாதுகாப்பு என்று காட்டுகிறார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று, கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் வெடித்து 11 பேர் இறந்தார்கள். பெரிய காயமில்லாமல் ஏழு ஆண்டு ஓட்டியதற்காகப் பாராட்டுச் சொல்ல, மேலதிகாரிகள் அன்று அந்த ரிக்கிலேயே இருந்தார்கள். காய விகிதம் குறைவு என்பதால் கிணற்றின் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்று ஆகிவிடாது.

எண்ணெய் இருப்புக் கணக்கிலும் இதே ஆபத்து உண்டு. 2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம் தன் நிரூபிக்கப்பட்ட இருப்பில், அதாவது நிலத்தடியிலிருந்து லாபத்தோடு எடுக்க முடியும் என்று உறுதியாகச் சொன்ன அளவில், 390 கோடி பீப்பாயை, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை, அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. மார்ச்சில் தலைவர் பதவி விலகினார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 12 கோடி டாலர் அபராதமும் கட்டினார்கள். இருப்பு கூடினால் மதிப்பெண் கூடும் என்று வைத்துவிட்டு, அதை எண்ணும் வேலையையும் அதே பிரிவிடம் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும்.

சரி, என்ன செய்யலாம்? நான் தணிக்கைக் குழுக்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். லாபத்தை விலை, அளவு, செலவு என்று பிரித்துக் காட்டுங்கள். போனஸுக்குக் கடைசி இரண்டை மட்டும் எடுங்கள். அதில் ஒரு பகுதியைச் சில ஆண்டு நிறுத்திவைத்து, விபத்தோ பெரிய மதிப்பிழப்போ வந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அப்புறம், காலம் கடந்த பாதுகாப்புப் பராமரிப்பு எத்தனை, எவ்வளவு காலமாக நிற்கிறது என்ற பட்டியல், காலாண்டு லாபம் அச்சாகும் அதே பக்கத்தில் வரட்டும். அதன் கீழே ஆலை மேலாளரோடு நிதித் தலைவரும் கையெழுத்துப் போடட்டும். 'நிதித் துறைக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்' என்ற எதிர்ப்பு ஒவ்வொரு முறையும் வருகிறது. அந்த வால்வுக்கான பணத்தை நிறுத்தியது நிதித் துறைதான் என்ற குறிப்பை நான் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன்.