ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே மாத்திரைய விட்டுடாதீங்க

காசி, கயா போனா பிடிச்ச காய் ஒண்ணு, பழம் ஒண்ணு விட்டுட்டு வரணும்னு நம்ம பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. என்கிட்ட வர்ற பெரியவங்க நிறைய பேரு கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்ட விட்டுடறாங்க. ஒண்ணு தண்ணி, இன்னொண்ணு நீர் மாத்திரை, அதாவது உடம்புல தேங்கற நீர யூரினா வெளியேத்தற மாத்திரை. ஏம்மான்னு கேட்டா "வழியில அடிக்கடி பாத்ரூம் போகணுமே டாக்டர்"ங்கறதுதான் பதில். சென்னைலேந்து கங்கா காவேரி மாதிரி ரயில்ல ரெண்டு ராத்திரி, அப்புறம் பிரயாக்ராஜ், கயான்னு வேன்ல சுத்தறது, திரும்ப ரயிலு, ஆக ஒரு வாரத்துக்கு மேல உடம்பு காஞ்சே கிடக்கு.

வயசாக ஆக தாகம் எடுக்கறதே குறைஞ்சிடும், அதுலயும் ஜனவரி மாச காசி குளிர்ல தண்ணி ஞாபகமே வராது. தண்ணி குறைஞ்சா மலச்சிக்கல், யூரின் இன்ஃபெக்ஷன், எழுந்து நின்னதும் தலைசுத்தல். படித்துறையில ஈரப் படியில நிக்கும்போது அந்த தலைசுத்தல் வந்தா இடுப்பெலும்புதான் போகும். சில பேரு ராத்திரில சம்பந்தமில்லாம பேச ஆரம்பிப்பாங்க, கூட வந்தவங்க தூக்கம் கெட்டதால உளறாங்கன்னு விட்டுடறாங்க, ஆனா அது இன்ஃபெக்ஷனாவோ சுகர் இறங்கினதாவோ இருக்கலாம், உடனே சுகர் பாருங்க, அங்கேயே ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஹார்ட் வீக்கா இருக்கறவங்க லாசிக்ஸ் மாதிரி நீர் மாத்திரைய நாலஞ்சு நாள் நிறுத்தினா ரெண்டு காலும் வீங்கும். "ரயில்ல காலத் தொங்கப்போட்டு உக்காந்தேன், அதான்"னு அவங்களே காரணமும் சொல்லிடுவாங்க. படுத்தா மூச்சு முட்டுதுன்னு வரும்போதுதான் விஷயம் வெளிய வரும். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா அது வேற, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், தைலம் தேச்சு அமுக்கி விடாம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நிறுத்தறதுக்கு பதிலா நேரத்த மாத்துங்க. ரயில்ல டாய்லெட் இருக்கு, அங்க வழக்கம்போலவே போட்டுக்கலாம். வேன்ல போற நாள்ல மட்டும் ரூமுக்கு வந்தப்புறம் போடலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. தண்ணிய ஒரேயடியா குடிக்காம ரெண்டு மூணு வாயா குடிச்சிட்டே இருங்க (அளவா குடிக்கச் சொல்லியிருக்கற ஹார்ட், கிட்னி பேஷண்ட் அந்த அளவ மாத்த வேண்டாம்). அடல்ட் டயப்பர் போட்டுக்கறதுல வெக்கம் ஒண்ணும் கிடையாது, முக்கியமா அம்மாக்களுக்குச் சொல்றேன்.

சுகருக்கு கிளிமிபிரைடு போடறவங்க வீட்டுல மாதிரி கடிகாரத்தப் பாத்து போட்டுட்டு தரிசன க்யூல போய் நிக்காதீங்க, சாப்பாடு கைக்கு வந்தப்புறம் போடுங்க. இன்சுலின் கைப்பையில இருக்கட்டும், ஐஸ் மேல நேரா வெக்காதீங்க, உறைஞ்சா வீண். வாந்தி வராம இருக்க அவோமின் வாங்கிப் போடற தாத்தாக்களே, ப்ராஸ்டேட் வீக்கம் இருந்தா யூரின் அடைச்சுக்கலாம், கேட்டுட்டு போடுங்க.

வயித்தால போச்சுன்னா ஓஆர்எஸ், அதாவது தண்ணில கலந்து குடிக்கற உப்பு-சக்கரைப் பொடி. பாக்கெட்ல உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாருங்க, சக்கரைத் தண்ணிய எல்லாம் அந்தப் பேர்ல வித்துட்டிருந்ததாலதான் 2025ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ அதுக்கெல்லாம் ஓஆர்எஸ்னு பேர் போடத் தடை போட்டுச்சு. அந்த மாதிரி நாள்ல நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டபக்ளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரை, சில பிபி மாத்திரை எல்லாம் தற்காலிகமா நிறுத்த வேண்டி வரலாம், அன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணிடுங்க. நானே சொன்னேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க, அதுக்குத்தானே இவ்ளோ நேரம் கத்திட்டிருக்கேன்!

டிக்கெட் விஷயம் ஒண்ணு. லோயர் பெர்த் கோட்டா ஆம்பளைங்களுக்கு 60 வயசு, பொம்பளைங்களுக்கு 45லேந்து, தனியாவோ ரெண்டு பேராவோ போட்டாதான் கிடைக்கும். துணைக்கு வர்ற பேரனையும் அதே டிக்கெட்ல சேத்தா கோட்டா போச்சு, அவனுக்கு தனியா போடுங்க. டூர்காரருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ரூம்ல ஏசி இருக்கான்னு கேக்கறவங்க, வேன எத்தன மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்துவீங்க, நிறுத்தற இடத்துல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அத முதல்ல கேளுங்க.