சோறு தின்னும் வீட்டுக்கு இரும்புச்சத்து எந்த வழியாக வரும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழர் பலர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். இரத்தசோகை என்று வரும் பெண்களிடம் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் என்ன உப்பு வாங்குகிறீர்கள்?

அண்மையில் வந்தவருக்கு 34 வயது, தையல் தொழிற்சாலையில் வேலை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஹீமோகுளோபின் 9.1 இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். கூட வந்த மாமியார், "நல்ல உப்புதான் கண்ணு, அந்த இளஞ்சிவப்பு இமயமலை உப்பு, விலை கூட" என்றார். அந்த உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. இரும்பும் சொல்லும்படியான அளவில் கிடையாது.

தென்னாப்பிரிக்காவில் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது 1995 முதல் கட்டாயம். அதற்கு முன்பு லாங்க்ளூஃப் போன்ற பகுதிகளில் அயோடின் குறைவால் கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பத்தில் 250. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி அதை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே பையில் 'அயோடின் சேர்த்தது' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டர்பனின் ஈரக்காற்றில் திறந்த கிண்ணத்தில் வைத்தால் அயோடின் மெல்ல மெல்லப் போய்விடும். இறுக மூடும் டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

இரும்பின் கதை வேறு. 2003-இல் இருந்து இங்கே கோதுமை மாவிலும், மீலி மீல் என்று நாம் சொல்லும் சோளமாவிலும் இரும்பு, ஃபோலிக் அமிலம், துத்தநாகம் எல்லாம் சேர்க்கிறார்கள். அது நல்ல திட்டம். அதன்பின் குழந்தைகளின் பிறவித் தண்டுவடக் குறைபாடுகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. ஆனால் அரிசியில் சேர்ப்பதில்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்றும் பல வீடுகளில் இராத்திரிக்குச் சோறும் பருப்பும்தான். அந்த மருமகளும் ரொட்டியைப் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் சோறு சாப்பிடுகிறார். மாவில் வரும் சத்து அவர் தட்டுக்கு வருவதே இல்லை.

உப்பு அப்படியில்லை. கடைசியாகச் சாப்பிட உட்காருபவரின் குழம்பிலும் அதே உப்புதான். அதனால்தான் தமிழ்நாட்டில் இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பைத் தயாரிக்கிறார்கள். அரசின் உப்பு நிறுவனம் 2014-இல் அதை 'அம்மா உப்பு' வரிசையில் கடைக்கே கொண்டுவந்தது. இரண்டையும் ஒரே உப்பில் வைப்பது எளிதல்ல. ஈரம் பட்டால் இரும்பு அயோடினைத் துரத்திவிடும், உப்பும் பழுப்பாகும். ஆகவே ஒரு முறையில் இரும்புத் துகள்களைக் கொழுப்புப் பூச்சுக்குள் மூடிச் சேர்க்கிறார்கள். சில சமையலில் நிறம் கொஞ்சம் கறுக்கிறது என்ற புகார் உண்டு. அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல.

அரிசி சாப்பிடும் நம் வீடுகளுக்கும் அப்படி ஓர் உப்பு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். அந்த உப்பில் கிலோவுக்குச் சுமார் 1 கிராம் இரும்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே. 5 கிராமில் 5 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும். மாதவிடாய் வரும் வயதில் நாளுக்குத் தேவை சுமார் 18 மில்லிகிராம். குறையைத் தடுக்க இது உதவும். 9.1-க்கு இறங்கிவிட்டவருக்கு மாத்திரைதான் வேண்டும், ஏன் குறைந்தது என்ற பரிசோதனையும் வேண்டும். அதிக உதிரப்போக்கை வெட்கப்பட்டு மறைக்கிற பெண்கள் இன்னும் என்னிடம் வருகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள், அம்மா. சத்து வரட்டும் என்று உப்பைக் கூட்டவே கூடாது. நம் குடும்பங்களில் இரத்த அழுத்தம் ஏற்கனவே நிறைய.

சரி, அதுவரை என்ன செய்வது? பருப்போடும் கீரையோடும் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற்றும். பால் தேநீரைச் சாப்பிட்ட கையோடு குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். சனிக்கிழமை டின்மீன் கறி வைத்தால் மருமகளுக்கும் மீன் துண்டு இருக்கட்டும், வெறும் குழம்பு போதாது.

இதைச் சொன்னபோது அந்த மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மருமகளைப் பார்த்து, "இனி நீயும் எங்களோடவே உட்கார்ந்து சாப்பிடு" என்றார்.